ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் 400 கிலோமீட்டர் நடந்து போய்ப் பார்த்த புக்ஸ்டஹூடே அவ்வளவு பெரிய ஆளா? அவர் சர்ச் கணக்கர்தானே?

யூடியூபில் ஏதோ இசை வரலாற்று வீடியோ பார்த்துவிட்டு வந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் தப்பில்லை. ஆனால் அந்த 'கணக்கர்தானே' என்னைச் சுட்டுவிட்டது. நான் பகலில் கூட்டுறவுச் சங்கத்தில் பேரேடு எழுதுகிறவன், ஞாயிறு காலையில் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவன்.

ஆமாம், டீட்ரிஷ் புக்ஸ்டஹூடே கணக்கு எழுதினார். 1668-இல் வட ஜெர்மனியில் லூபெக் நகரத்து மரியாள் ஆலயத்தில் ஆர்கனிஸ்டாகச் சேர்ந்தபோது, ஆலயத்தின் வரவு செலவைப் பார்க்கும் 'வெர்க்மைஸ்டர்' வேலையும் அவருக்கே வந்தது. 1707-இல் சாகும்வரை இரண்டையும் பார்த்தார். ஆராதனைக்கு வாசிப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் ஐந்து ஞாயிறு மாலைகளில் பாடகர்கள், வயலின்கள், டிரம்பெட்டுகள் என்று பெரிய கச்சேரி நடத்தினார். கேட்க வருகிறவர்களுக்குக் கட்டணம் கிடையாது. செலவுக்கு ஊர் வணிகர்களுக்குக் கடிதம் எழுதி இவரேதான் பணம் திரட்ட வேண்டும். கணக்குத் தெரியாத மனுஷனால் இதைச் செய்திருக்க முடியுமா?

என் கதைக்கு வருகிறேன். சீர்திருத்த ஞாயிறு அன்று எங்கள் சபையில் 'கர்த்தர் தாம் எங்கள் துர்க்கமும்' பாடுவோம். மார்ட்டின் லூதரின் பாட்டு. அதே ராகத்தை வைத்து புக்ஸ்டஹூடே ஒரு முன்னிசை எழுதியிருக்கிறார். ராகத்தை வலது கையில் நெளிவு சுளிவோடு இழுத்து, மற்ற சுரங்களைக் கீழே அடக்கி வைத்திருப்பார். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பழகி, பாட்டுக்கு முன்னால் வாசித்தேன். ஆராதனை முடிந்ததும் செக்ரட்டரி வந்தார். "பாட்டுக்கு முன்னாடி ரெண்டு வரி வாசிச்சா போதாதா தம்பி? எழுந்து நிக்கிறதா வேண்டாமான்னு ஜனங்க முழிக்கிறாங்க" என்றார்.

பாக்குக்கும் இதே புகார் வந்தது. 1705-இல், இருபது வயதில், தான் ஆர்கனிஸ்டாக இருந்த ஆர்ன்ஷ்டாட் ஊரில் நான்கு வாரம் லீவு கேட்டு லூபெக்குக்கு நடந்தார். ஏறக்குறைய நான்கு மாதம் கழித்துத்தான் திரும்பினார். 1706 பிப்ரவரியில் சபை நிர்வாகம் அவரைக் கூப்பிட்டு விசாரித்தபோது, லீவு மீறியது மட்டும் குற்றமாகச் சொல்லப்படவில்லை. பாட்டுகளுக்கு நடுவே விநோதமான சுரங்களைச் சேர்த்து சபையைக் குழப்புகிறார் என்பதும் பதிவாகியிருக்கிறது.

பாக்கோடு என்னை ஒப்பிடுகிறேன் என்று கமெண்டில் யாரும் கிளம்ப வேண்டாம். பாக்கைக் குறைத்துச் சொல்லவும் இல்லை. அவரே தேடிப் போன ஆளை ஒரு அடிக்குறிப்பாக்கி வைத்திருக்கிறார்களே என்பதுதான் என் வருத்தம்.

இன்னொன்று, புக்ஸ்டஹூடேயின் மகளைக் கட்டினால்தான் அவருக்குப் பின் அந்த ஆர்கனிஸ்ட் வேலை என்றதால் இசையமைப்பாளர் ஹாண்டல் ஓடிவிட்டார் என்று மீம் போடுகிறார்கள். 1703-இல் ஹாண்டலும் அவர் நண்பரான இசைக்கலைஞர் மாத்தேசனும் வந்து பார்த்துவிட்டுப் போனது உண்மை, கல்யாண நிபந்தனையும் உண்மை. ஆனால் புக்ஸ்டஹூடேயும் தனக்கு முன்பு அங்கே ஆர்கனிஸ்டாக இருந்த டுண்டரின் மகளைத்தான் கட்டினார். ஆர்கனிஸ்ட் செத்தால் குடும்பத்துக்கு வருமானம் நின்றுபோகும். அதற்கு அந்தக் காலத்தில் கண்ட வழி அது. அந்தப் பெண்ணைக் கேலி செய்ய இதில் என்ன இருக்கிறது?

இன்றைக்கும் எங்கள் நிலைமை பெரிதாக மாறவில்லை. கல்யாணத்தில் மேடைப் பூ அலங்காரத்துக்கு லட்சம் கொடுக்கிறார்கள். ஆர்கன் வாசிக்கிறவனுக்கு ஒரு கவர், அதுவும் ஞாபகம் இருந்தால். இப்போது பென்டிரைவில் டிராக் கொண்டுவந்து போட்டுவிடுகிறார்கள், அந்தக் கவரும் இல்லை. சரி, கேள்விக்கு வருகிறேன்.

அவர் பெரிய ஆளா என்று கேட்டீர்கள். அவர் ஆர்கனுக்கு எழுதிய டி மைனர் பாசகாலியாவைக் கேளுங்கள். காலால் அழுத்தும் கட்டைகளில் ஒரே நான்கு பார் (தாள அளவு) நீள சுர வரிசை 28 முறை திரும்பத் திரும்ப வரும், ஏழு ஏழாக நான்கு பகுதி. பகுதிக்குப் பகுதி சுருதி மாறும், மேலே கைகள் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றைச் சொல்லும். நல்ல ஹெட்போனில் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் அந்தக் கால் வரிசை காதிலேயே விழாது.