மருத்துவர் பதில்: மலை முகாமில் நடை தடுமாறினால்

மூட்டு வலியில் தொடங்கி முக வீக்கம் வரை பல கேள்விகளை வரிசையாகக் கேட்டுவிட்டு, கடிதத்தின் கடைசியில், "தலைவலி என்று சொன்னால் வழிகாட்டி திருப்பி அனுப்பிவிடுவாராமே, என்னால் குழுவின் பயணம் கெட்டுவிடக் கூடாது" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். 52 வயதில் முதன்முறையாக எட்டு நாள் மலையேற்றத்துக்குப் புறப்படும் உங்களைப் பற்றி எனக்குக் கவலை தருவது உங்கள் மூட்டும் அல்ல, இரத்த அழுத்தமும் அல்ல, இந்த ஒரு வரிதான். நேபாளத்தில் மலையேற்றத்தின்போது நிகழ்ந்த மரணங்களை ஆராய்ந்த மருத்துவர்கள், உயரத்தால் வரும் நோய்க்குப் பலியானவர்களில் பெரும்பாலோர் ஏற்பாடு செய்யப்பட்ட குழுக்களோடு சென்றவர்கள் என்று கண்டார்கள். தனியாகச் செல்பவர் முடியவில்லை என்றால் ஒரு நாள் தங்கிவிடுவார். குழுவில் செல்பவரோ அட்டவணைக்கும் மற்றவர்களின் முகத்துக்கும் அஞ்சி, வாயைத் திறக்காமல் அடுத்த முகாமுக்கு ஏறிவிடுவார்.

தலைவலி வந்ததற்காக யாரையும் கீழே அனுப்ப வேண்டியதில்லை. 2,500 மீட்டருக்கு மேல் முதல் ஓரிரு இரவுகளில் தலைவலியும் பசியின்மையும் பலருக்கு வரும். அப்போது செய்ய வேண்டியது, அந்த நிலை மாறும்வரை அதற்கு மேல் ஏறாமல் அதே உயரத்தில் தங்குவதுதான். பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும். பாராசிட்டமாலோ ஐபுபுரோஃபெனோ போட்டுக்கொள்ளலாம், ஆனால் போட்டதையும் வழிகாட்டியிடம் சொல்ல வேண்டும். ஓய்வெடுத்தும் கூடிக்கொண்டே போனால் இறங்க வேண்டும். முதல் நாளே சொன்னவருக்கு ஓய்வு போதும். மூன்று நாள் மறைத்தவரைத்தான் தூக்கிக்கொண்டு இறங்க நேரிடும்.

நீங்கள் அனுப்பியிருக்கும் பயணத் திட்டத்தின்படி இரண்டாம் இரவு 2,800 மீட்டரிலும், மூன்றாம் இரவு 3,500 மீட்டரிலும், நான்காம் இரவு 4,100 மீட்டரிலும் தங்குகிறீர்கள். இது அவசரமான ஏற்றம். 3,000 மீட்டரைக் கடந்த பிறகு, உறங்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பதும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டும் என்பதும் உயர்மலை மருத்துவத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட விதி. 3,500 மீட்டரில் இரண்டு இரவு தங்க முடியுமா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். தினமும் பத்து கிலோமீட்டர் நடப்பதாகப் பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். அது கால்களுக்கு நல்லது, ஆனால் உயர்மலை நோயிலிருந்து அது உங்களைக் காப்பாற்றாது.

இனி, நீங்கள் கேட்காததும் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவதும். நடையில் வரும் தடுமாற்றம்தான் நீங்கள் மறக்கவே கூடாத அபாய அறிகுறி. உயரத்தால் மூளையில் வீக்கம் ஏற்படத் தொடங்கும்போது, மயக்கத்துக்கு வெகு முன்பே உடலின் சமநிலை குலைகிறது. கூடாரத்தின் ஜிப்பை இழுக்கத் தெரியாமல் ஒருவர் தடவிக்கொண்டிருப்பார். ஷூ கயிற்றைக் கட்டத் தொடங்கிப் பாதியில் விட்டுவிடுவார். சாப்பிட அழைத்தால் வரமாட்டார். கேட்ட கேள்விக்குத் தாமதமாக, எரிச்சலோடு பதில் சொல்வார். சுற்றியிருப்பவர்கள் "களைத்துப் போயிருக்கிறார், தூங்கட்டும்" என்று விட்டுவிடுவார்கள். இந்தத் தூக்கத்திலேயே சிலர் நினைவிழந்து, பிறகு எழாமலே போய்விடுகிறார்கள்.

சந்தேகம் எழுந்தால் அந்த இடத்திலேயே சோதிக்கலாம். சமதளமான தரையில் குச்சியால் ஒரு நேர்க்கோடு போட்டு, முதுகுப் பையை இறக்கி வைத்துவிட்டு, ஒரு காலின் குதிகால் மற்றொரு காலின் விரல் நுனியைத் தொடுமாறு அடிமேல் அடி வைத்துப் பத்து அடி நடந்து, திரும்பி வரச் சொல்லுங்கள். பக்கத்தில் நலமாக இருக்கும் ஒருவரையும் அதே கோட்டில் நடக்கவைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். களைப்பாக இருப்பவர் மெதுவாக நடப்பார், ஆனால் கோட்டின் மேலேயே நடப்பார். பக்கவாட்டில் சாய்ந்து கோட்டை விட்டு விலகுபவரையும், கையை நீட்டிப் பிடிமானம் தேடுபவரையும் மூளை வீக்கம் உள்ளவராகவே கருத வேண்டும். கடுங்குளிரில் உடல் வெப்பம் குறைந்தாலும், சிலர் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து இரத்தத்தில் சோடியம் இறங்கினாலும் இதே தடுமாற்றம் வரக்கூடும். எந்தக் காரணமானாலும் அதன் பிறகு ஒரு மீட்டர்கூட மேலே ஏறக் கூடாது. உயரம்தான் காரணம் என்று தோன்றினால், விடியட்டும் என்று காத்திருக்காமல், பாதை அனுமதித்தால் இரவிலேயே, துணையோடு 300 முதல் 1,000 மீட்டர் வரை கீழே இறக்க வேண்டும். இறங்குவதற்குள் ஆக்சிஜன் இருந்தால் கொடுக்கலாம். அது கைவசம் இருக்கிறது என்பதற்காக இறங்குவதைத் தள்ளிப்போடக் கூடாது. உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகும் அடங்காத மூச்சிரைப்புக்கும் இதே விதிதான். அது நுரையீரலில் நீர் கோப்பதன் அடையாளம்.

இந்தத் தடுமாற்றத்தை அது யாருக்கு வருகிறதோ அவரால் உணர முடியாது என்பதே இதிலுள்ள பேராபத்து. "எனக்கு ஒன்றுமில்லை" என்றுதான் அவர் உறுதியாகச் சொல்வார். ஆகவே கூடாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் தோழியிடம் இந்தச் சோதனையை இப்போதே சொல்லிக்கொடுங்கள். வீட்டில் ஒருமுறை நடந்து பார்த்து, உங்கள் இயல்பான நடை எப்படி என்பதை இருவரும் தெரிந்துகொள்ளுங்கள்.

நண்பர் கொடுத்த டெக்ஸாமெத்தசோன் மாத்திரையை முதல் நாளிலிருந்தே விழுங்கப் போகிறேன் என்று எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அது ஸ்டீராய்டு. உடலை உயரத்துக்குப் பழக்காமல், அறிகுறிகளை மட்டும் அது அடக்கி வைக்கும். நடுவழியில் நிறுத்தினால் நோய் மொத்தமாகத் திரும்பக்கூடும். மூளை வீக்கம் வந்துவிட்டவரைக் கீழே இறக்கும்போது கொடுக்க வேண்டிய அவசர மருந்தை, யாரோ ஒரு காணொளியில் சொன்னார் என்பதற்காகச் சத்து மாத்திரைபோல் விழுங்கலாமா? உங்கள் திட்டத்தில் ஓய்வு நாள் கிடைக்காவிட்டால், உடல் உயரத்துக்குப் பழக உதவும் அசிட்டசோலமைடு மாத்திரையைப் பற்றி யோசிக்கலாம். பெரியவர்களுக்கு வழக்கமான தடுப்பு அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இருவேளை, ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து. ஆனால் உங்கள் இரத்த அழுத்த மாத்திரையில் சிறுநீரை அதிகரிக்கும் மருந்து கலந்திருந்தாலோ, சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தாலோ, அதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதைச் சாப்பிடும்போது விரல் நுனி மரமரப்பதும் அடிக்கடி சிறுநீர் வருவதும் இயல்பே.

ஆக்சிமீட்டரைப் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். 94-க்குக் கீழே இறங்கினால் மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்று கொரோனா காலத்தில் கற்றது தரைமட்டத்துக்கான கணக்கு. 4,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான் என்பதால், நலமாக இருப்பவருக்கும் 80-களில் எண் காட்டும். விரல் குளிர்ந்திருந்தால் இன்னும் குறைத்துக் காட்டும். எண்ணை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள்.

தூக்கத்தில் மூச்சு சில நொடிகள் நின்று, பிறகு வேகமாகத் தொடர்வதும் அந்த உயரத்தில் மிகச் சாதாரணம். அதனால் மூச்சு நின்று இறந்துவிடுவோம் என்று இணையத்தில் பரப்புவதை நம்பி இரவெல்லாம் விழித்திருக்காதீர்கள். அதற்காகத் தூக்க மாத்திரையும் வேண்டாம், மதுவும் வேண்டாம். காலையில் முகமும் விரல்களும் லேசாக உப்புவது தன்னளவில் தீங்கற்றது. மோதிரங்களை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். மூட்டுக்கு இரண்டு ஊன்றுகோல்களும், நகத்துக்குப் பழகிய ஷூவும் போதும்.

இரத்த அழுத்த மாத்திரையை ஒரு நாளும் விடாமல் வழக்கமான அளவிலேயே தொடருங்கள். புறப்படுவதற்கு இரண்டு வாரத்துக்கு முன் மருந்துச் சீட்டோடும் பயணத் திட்டத்தோடும் உங்கள் மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் சாப்பிடும் மருந்துகளை ஒரு தாளில் எழுதி, முதல் முகாமிலேயே வழிகாட்டியின் கையில் கொடுத்துவிடுங்கள். அப்போதே, அவரிடம் ஆக்சிஜன் இருக்கிறதா, இரவில் ஒருவரைக் கீழே இறக்க நேர்ந்தால் உடன் செல்வது யார் என்றும் கேளுங்கள். இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லாத குழுவோடு 4,100 மீட்டருக்குப் போகாதீர்கள்.