கானாவுக்கு நன்னடத்தைச் சான்றிதழ்

கேள்வி: விடுதலைப் போராட்டமும் சமூகச் சீர்திருத்தமும் நடந்த காலத்தில் பாட்டுகள் மக்களைத் திருத்தின. வடசென்னையின் கானா மட்டும் ஏன் இன்னும் திருந்தவில்லை?
– ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: திருந்தவில்லை என்று எழுதிய நீங்கள், கானாவின் மீது எந்தக் காவல் நிலையத்தில் என்ன வழக்கு நிலுவையில் இருக்கிறது என்பதையும் எழுதியிருக்கலாம். நன்னடத்தைப் பிணை கேட்டால் கானாவின் வாத்தியங்களான டோலக்கையும் புல்புல்தாராவையும் ஜாமீன்தாரர்களாக அழைத்துவரத் தயார். சொந்த வீடு இல்லை என்று நீதிமன்றம் அவற்றைத் திருப்பி அனுப்பிவிடக்கூடும் என்பதுதான் என் கவலை.

நீங்கள் போற்றும் பழைய பாட்டுகளும் அப்படியொன்றும் ஆசாரமானவை அல்ல. சென்னை குஜிலிக் கடைத்தெருவில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகங்களில் காந்தியும் மதுவிலக்கும் இடம்பிடித்த காலத்தில், ஊரில் நடந்த கொலைகளைப் பாடும் கொலைச் சிந்தும் காதல் பாட்டும் பக்கத்திலேயே விற்றுக்கொண்டிருந்தன. எழுதியவர்கள் புது மெட்டுக்குக் காத்திருக்காமல், ஊரறிந்த மெட்டின் பெயரை மேலே அச்சிட்டுவிட்டு, கீழே தங்கள் செய்தியைப் பாட்டாக்கினார்கள். வெள்ளைக்கார அரசு அவற்றில் பலவற்றைப் பறிமுதல் செய்தது. யாரும் பாடாத பாட்டை எந்த அரசும் பறிமுதல் செய்வதில்லை.

கானாவும் அந்த வழியில்தான் வந்தது. சாவு வீட்டு வாசலில், இறந்தவரின் பெயரையும் உறவுகளையும் கோத்து விடிய விடியப் பாடும் மரண கானாக்காரர்கள் இருக்கும் வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும்தான் அம்பேத்கரைப் பற்றிய கானாக்களும் ஒலிக்கின்றன. அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதியற்ற தமிழர்’ என்ற எண்ணத்திலிருந்து பெயர் பெற்ற ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் மேடையேறி, இடஒதுக்கீட்டைக்கூடப் பாட்டாக்கியது. ஆண்களே கோலோச்சிய கானாவை அக்குழுவில் பாடிய இசைவாணி, 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். யார் பாடலாம் என்பது மாறுவதும் சீர்திருத்தம்தான்.

கர்நாடக இசைச் சபாக்களைப் பற்றி எழுதினால் எனக்கு வரும் வசைக் கடிதங்கள் மனப்பாடம், ஆனாலும் எழுதுகிறேன். 1941இல் அண்ணாமலைநகரில் கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுகளை அதிகம் பாட வேண்டும் என்று தமிழிசைக்காகத் தீர்மானம் போட்டபோது, மொழியை முன்னிறுத்தினால் இசையின் தரம் தாழ்ந்துவிடும் என்று பதறியவர்கள் கானா பாடியவர்கள் அல்லர்.

நீங்கள் கேட்டது சினிமாக் கானாவாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். சினிமா கானாவிடமிருந்து குடியையும் காதல் தோல்வியையும் தாராளமாக எடுத்துக்கொண்டது; அம்பேத்கரைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. அம்பேத்கர் பிறந்தநாளான ஏப்ரல் 14 அன்று வியாசர்பாடிப் பக்கம் போய்க் கேட்டுவிட்டு, மறு கேள்வி அனுப்புங்கள்.