திரும்பிப் படுத்தால் சரியாகிறதா? நிறைமாதப் படுக்கை பற்றிச் சில கேள்விகள்

34 வாரம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்கு அடியில் மல்லாந்து படுத்தால் ஐந்து நிமிடத்தில் கண் இருட்டுகிறது, குப்பென்று வியர்க்கிறது, குமட்டுகிறது. ஒருக்களித்தால் போய்விடுகிறது. பிரஷர் 110/70, நன்றாக இருக்கிறது என்றுதான் செவிலியர் சொன்னார். பிறகு ஏன் இப்படி? (திருத்துறைப்பூண்டி)

அந்த 110/70 உட்கார்ந்திருக்கும்போது எடுத்தது. மல்லாந்து படுத்த ஐந்தாவது நிமிடத்தில் எடுத்திருந்தால் வேறு எண் வந்திருக்கும்.

கால், இடுப்பிலிருந்து இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் பெரிய சிரை முதுகெலும்பின் முன்பக்கம், சற்று வலப்புறமாக ஓடுகிறது. தமனியைப் போல் அதன் சுவர் கெட்டியானது அல்ல, அழுத்தினால் அமுங்கிவிடும். நிறைமாதத்தில் குழந்தை, நஞ்சு, பனிக்குட நீர், கருப்பை எல்லாம் சேர்ந்து சுமார் 5 கிலோ. மல்லாந்தால் அந்தப் பாரம் முழுவதும் சிரையின் மேல் உட்காருகிறது. தலைமதகை இறக்கினால் கடைமடை காய்வது போலத்தான். இதயத்துக்கு வரும் ரத்தம் குறைய, அது வெளியே தள்ளுவதும் குறைய, பிரஷர் இறங்குகிறது. படபடப்பு, வியர்வை, குமட்டல், மூச்சு முட்டல், கண் இருட்டல் எல்லாம் அதன் விளைவு. கருப்பைக்குப் போகும் ரத்தமும் அதே நேரத்தில் குறைகிறது.

எல்லாருக்கும் இப்படி வராது. சிலருக்கு முதுகெலும்பை ஒட்டிய கிளைச் சிரைகள் மாற்றுவழியாக ரத்தத்தை ஏற்றிவிடும். "நான் ஒன்பது மாசமும் மல்லாந்துதான் படுத்தேன்" என்று நாத்தனார் சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அவர் உடம்பு அப்படி. நீங்கள் உங்கள் உடம்பு சொல்வதைக் கேளுங்கள். வயிறு முட்டச் சாப்பாடு, வெயில் புழுக்கம், தண்ணீர் குடிக்காமல் இருப்பது மூன்றும் பிரஷரை இன்னும் இறக்கும். மத்தியானம் அதிகமாக வருவது அதனால்தான்.

ஒருக்களித்த ஓரிரு நிமிடத்தில் முழுதாகச் சரியாகிவிட்டால் காரணம் இந்தச் சிரைதான் என்று எடுத்துக்கொள்ளலாம். அடுத்த பரிசோதனையில் மருத்துவரிடம் சொன்னால் போதும். சரியாகவில்லை என்றால் கீழே மூச்சுத்திணறல் கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

ராத்திரி இடப்பக்கம்தான் படுக்கிறேன். விழிக்கும்போது மல்லாந்து கிடக்கிறேன். குழந்தைக்கு ஏதாவது ஆகியிருக்குமா? (பாபநாசம்)

திரும்பிப் படுத்துத் தூங்குங்கள். 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்துத் தூங்கத் தொடங்குபவர்களுக்குக் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் வாய்ப்பு சற்றுக் கூடுவதாக நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பிரிட்டன் ஆய்வுகள் காட்டின. அவை கேட்டது எந்த நிலையில் தூங்கத் தொடங்கினீர்கள் என்பதைத்தான். இரவின் நீண்ட தூக்கம் முதல் நிலையில்தான் கழிகிறது. அதனால் படுக்கப் போகும்போதும், சிறுநீர் கழித்துவிட்டு மறுபடி படுக்கும்போதும், பகல் தூக்கத்துக்கும் ஒருக்களித்தே தொடங்குங்கள். வலப்பக்கமும் தப்பில்லை. மயக்கம் வரும்போதுதான் இடப்பக்கத்துக்கு முதலிடம், சிரை வலப்புறம் இருப்பதால்.

பக்கம் மாற வேண்டுமானால் எழுந்து உட்கார்ந்துதான் மாற வேண்டும், படுத்தபடி புரண்டால் கொடி சுற்றிக்கொள்ளும் என்கிறார் அத்தை. உண்மையா? (குடவாசல்)

இல்லை. கொடி சுற்றுவது குழந்தை உள்ளே நீந்திப் புரள்வதால். நீங்கள் புரள்வதற்கும் அதற்கும் தொடர்பில்லை. பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குக் கழுத்தில் கொடி சுற்றியிருக்கும், பெரும்பாலும் பிரசவத்தின்போதே எடுத்துவிடுவார்கள்.

ஆனால் அத்தையோடு சண்டை வேண்டாம். நடு ராத்திரியில் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். உட்கார்ந்து மாறுவதானால் மெதுவாக எழுங்கள், அவ்வளவுதான்.

கட்டில் இல்லை, பாயில்தான் படுக்கிறேன். தலையணை எப்படி வைப்பது? (வேதாரண்யம் பக்கம்)

பாய் நல்லதுதான், புதையாது. ஆனால் கோரைப்பாய்க்கு மேல் ஜமுக்காளமோ இரண்டாக மடித்த போர்வையோ விரியுங்கள், இல்லாவிட்டால் இடுப்பெலும்பு வலித்து, தூக்கத்தில் தானாகவே மல்லாந்துவிடுவீர்கள்.

விலை கொடுத்துக் கர்ப்பத் தலையணை வாங்க வேண்டியதில்லை. இரண்டு பழைய புடவைகளைச் சேர்த்துச் சுருட்டி, ஒரு சாண் பருமனில் கட்டுங்கள். அதைத் தோளுக்குக் கீழிருந்து இடுப்புவரை முதுகுக்கு அண்டக் கொடுங்கள். முழுக்க ஒருக்களிக்க முடியாதவர்கள் அதன்மேல் சாய்ந்து முக்கால்வாசி திரும்பினாலும் சிரைமேல் பாரம் குறையும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, கணுக்கால்வரை நீளும்படி. முழங்காலுக்கு மட்டும் வைத்தால் பாதம் தொங்கி இடுப்பு முறுக்கும். வயிற்றுக்கு அடியில் மடித்த துண்டு ஒன்று.

எழும்போது நேராக நிமிர வேண்டாம். ஒருக்களித்து, கையை ஊன்றி, மண்டியிட்டு, நாற்காலியையோ சுவரையோ பிடித்து எழுங்கள். ஊஞ்சல் இருக்கும் வீடுகளில் அதில் உட்காரலாம். படுத்துத் தூங்க வேண்டாம், புரள இடம் இல்லை.

ஸ்கேன் மேசையில் மயக்கம் வந்தது. அவர்களிடம் சொல்லலாமா? (மயிலாடுதுறை)

சொல்லியே ஆக வேண்டும். வலப்பக்க இடுப்புக்கு அடியில் மடித்த துண்டோ சின்னத் தலையணையோ வைத்து, உடம்பை இடப்பக்கம் சாய்த்தபடியே ஸ்கேன் செய்யலாம். குழந்தையின் இதயத்துடிப்பைப் பட்டை கட்டிப் பதிவு செய்யும்போதும் இதே முறைதான். மல்லாந்து கிடந்தால் அந்தத் துடிப்பே சில சமயம் இறங்கிக் காட்டும்.

ஒருக்களித்துப் படுத்தாலும் மூச்சு முட்டுகிறது. போன மாதம் ஒரு தலையணை, இப்போது மூன்று. ராத்திரி இருமல் வேறு. "எட்டாம் மாசம் எல்லாருக்கும் உள்ளதுதான்" என்கிறார்கள். (நன்னிலம்)

இன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

கர்ப்பத்தில் மூச்சு வாங்குவது சாதாரணம் என்பது பாதி உண்மை. புரோஜெஸ்டிரான் என்ற கர்ப்ப ஹார்மோன் மூச்சை ஆழமாக்குகிறது, கருப்பை உதரவிதானத்தை (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசையை) சுமார் 4 செ.மீ. மேலே தள்ளுகிறது. அப்படி வரும் மூச்சு மெதுவாகக் கூடும், உட்கார்ந்தால் தணியும், பேச்சை முறிக்காது, இருமல் வராது. வாரத்துக்கு வாரம் தலையணை கூடுவதும், தூக்கத்தில் மூச்சு முட்டி எழுந்து உட்காருவதும், இருமலும் நுரையீரலில் நீர் தேங்குவதன் அடையாளமாக இருக்கலாம். காரணங்கள் மூன்று முக்கியம். ஒன்று, பிரஷர் ஏறிய கர்ப்பம்: 140/90-ஐத் தாண்டியிருக்கிறதா, முகம் வீங்குகிறதா, தலைவலி உண்டா என்று பாருங்கள். இரண்டு, இதயத்தசை தளர்வது, இது கடைசி மாதத்திலும் பிரசவத்துக்குப் பிந்தைய ஐந்து மாதங்களிலும் வரும். மூன்று, பழைய இதய வால்வு நோய். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்தவர்கள், 21 நாளுக்கொருமுறை பென்சிலின் ஊசி போட்டவர்கள் அதைச் சொல்லாமல் விடக் கூடாது. கர்ப்பத்தில் ரத்த அளவு 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது. சுருங்கிய வால்வு அதுவரை சத்தமில்லாமல் இருந்து, எட்டாம் மாதத்தை ஒட்டித்தான் தன்னைக் காட்டும்.

எக்கோ (இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) எடுக்க வசதியுள்ள இடம் வேண்டும். தஞ்சை, திருவாரூர், நாகை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உங்களுக்கு எட்டும் தூரம்தான். வழியில் மூச்சு மோசமானாலோ, உதடு நீலமானாலோ, சளியில் ரத்தம் தெரிந்தாலோ, திடீரென்று நெஞ்சு வலித்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ 108. பேருந்தில் போகும் விஷயம் இல்லை இது.

31 வாரம், ஹீமோகுளோபின் 8.4. நடவுக்குப் போனால் மூச்சு இரைக்கிறது. இரும்பு மாத்திரை மூன்று மாதமாகச் சாப்பிடுகிறேன், ஏறவே இல்லை. (மன்னார்குடி)

கர்ப்பத்தில் 11-க்குக் குறைந்தாலே சோகை. 8.4 நடுத்தரச் சோகை, 7-க்குக் கீழ் கடுமை. முதலில் காப்பியைப் பாருங்கள். நம் பக்கத்தில் மாத்திரையை டிகாக்‌ஷனோடு விழுங்குவது பழக்கம். காப்பியும் டீயும் இரும்பு ஏறுவதைத் தடுக்கும். முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கால்சியம் மாத்திரையையும் சேர்த்துப் போடக் கூடாது, ஒன்று காலை என்றால் மற்றது இரவு. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய் உதவும். மலம் கறுத்தால் பயம் வேண்டாம்.

சரியாகச் சாப்பிட்டும் ஏறாவிட்டால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்தை சலைனில் கலந்து நரம்பில் ஏற்றுவது பற்றிக் கேளுங்கள். பிரசவத்துக்கு இன்னும் இரண்டே மாதம், மாத்திரைக்கே காத்திருந்தால் நேரம் போதாது. குனிந்து நிமிரும் நடவு வேலையை அதுவரை விடுங்கள்.

மனைவி மயங்கி விழுந்தால் உடனே என்ன செய்ய வேண்டும்? (திருவையாறு)

மல்லாத்திக் காலைத் தூக்காதீர்கள். மற்றவர்களுக்குச் செய்யும் முதலுதவி அது. நிறைமாதக்காரியை இடப்பக்கம் ஒருக்களிக்க வையுங்கள், முதுகுக்குத் தலையணை கொடுங்கள், கூட்டத்தை விலக்குங்கள். நினைவு திரும்பும்வரை வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஓரிரு நிமிடத்தில் தெளியாவிட்டாலோ, வலிப்பு, ரத்தப்போக்கு, கடும் வயிற்றுவலி இருந்தாலோ, விழுந்ததில் வயிற்றில் அடிபட்டிருந்தாலோ 108-ஐ அழையுங்கள். தெளிந்த பிறகும் குழந்தையின் அசைவு குறைந்திருந்தால் அன்றே காட்டுங்கள். ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரிலும் இடப்பக்கம் சாய்த்தே படுக்க வைக்கச் சொல்லுங்கள்.