குடல்வாலில் கீரிப்பூச்சி: நோயியல் மருத்துவர் பதில்கள்

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தாய்: டாக்டர், மகளுக்குக் குடல்வால் ஆபரேஷன் முடிந்தது. ரிப்போர்ட்டில் 'என்டரோபியஸ் வெர்மிகுலாரிஸ்' என்று இருக்கிறது. தேவையில்லாமல் வெட்டிவிட்டார்களா?

பயப்படாதீங்கம்மா, அது கீரிப்பூச்சிதான். வெள்ளை நூல் துண்டு மாதிரி இருக்கும்; பெண் புழு சுமார் 1 சென்டிமீட்டர். எடுத்த குடல்வாலைக் குறுக்கே சீவி மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் வட்டமாகப் புழுவின் உடல் தெரியும், இரு பக்கமும் முள் போல ஒரு சிறு மேடு துருத்தி நிற்கும். அதைப் பார்த்ததுமே இன்ன புழு என்று சொல்லிவிடலாம். பல நேரம் குடல்வாலின் சுவரில் சீழோ அழற்சியோ இருக்காது. அதற்காகப் பிள்ளைக்கு வந்த வலி பொய்யில்லை. வலது அடிவயிற்றில் வலி, வாந்தி என்று வரும்போது காரணம் புழுவா அழற்சியா என்று பிரிப்பது கஷ்டம். உண்மையான அழற்சியை விட்டுவைத்தால் குடல்வால் வெடித்து உயிருக்கே ஆபத்தாகலாம். சர்ஜனைக் குறை சொல்ல மாட்டேன்.

குளச்சல் வாசகர்: அதான் குடல்வாலை எடுத்தாச்சே, இனி பூச்சி மருந்து எதற்கு?

இதைத்தான் நிறைய வீடுகளில் விட்டுவிடுகிறார்கள், எனக்கு வருத்தமே அதுதான். பூச்சி பெருங்குடலின் தொடக்கத்திலும் குடியிருக்கும். கத்தி அங்கே போகவில்லை. வழக்கமாக அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரு தடவை, 2 வாரம் கழித்து இன்னொரு தடவை. மருந்துக்குத் தப்பிய முட்டைகள் பொரித்து வரும், அதற்குத்தான் இரண்டாவது மாத்திரை. வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் சாப்பிடணும். கைக்குழந்தையும் கர்ப்பிணியும் இருந்தால் டாக்டரைக் கேட்டுத்தான். பிப்ரவரி, ஆகஸ்டில் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுப்பதும் இதே மாத்திரைதான், ஆனால் அந்த ஒன்று மட்டும் இதற்குப் போதாது. அப்புறம் நகத்தை ஒட்ட வெட்டுங்கள், காலையில் எழுந்ததும் பிள்ளையைக் குளிப்பாட்டுங்கள், படுக்கை விரிப்பை வெந்நீரில் துவையுங்கள். முட்டை 2 வாரம் வரைகூடத் துணியில் உயிரோடு கிடக்கும்.

தக்கலை வாசகி: மலப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றார்களே?

பெண் புழு ராத்திரியில் வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றி முட்டையிடும். மலத்தில் பெரும்பாலும் சிக்காது. விடிந்ததும், கழுவும் முன், அங்கே செல்லோடேப்பை ஒட்டி எடுத்து லேபில் கொடுங்கள்.

திங்கள்சந்தை வாசகர்: இனிப்பு தின்றால் பூச்சி வருமா?

வராது. சொறிந்த விரல் வாய்க்குப் போவதால் வரும்.

குலசேகரத்திலிருந்து ஒரு அண்ணன்: ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்கு வெறுங்காலோடு போகிறேன். அதனால் வருமா?

கீரிப்பூச்சி வராது அண்ணே. மண்ணிலிருந்து கால் தோல் வழியாக ஏறுவது கொக்கிப்புழு. அது ரத்தத்தை உறிஞ்சி சோகையாக்கும். செருப்பு போட்டுப் போங்கள். சோர்வும் மூச்சிரைப்பும் இருந்தால் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள்.