தொட்டது தப்புதான்

கேள்வி: ஒரு மோட்டார் சைக்கிள் கிளப்போடு மூன்று மாதமாகப் போய் வருகிறேன். போன ரைடில் சாப்பிட நிறுத்தியபோது, மூத்த உறுப்பினர் ஒருவர் கிளப் சின்னம் தைத்த தன் வெஸ்ட்டை, அதாவது கையில்லாத மேல்சட்டையைக் கழற்றி நாற்காலியில் மாட்டியிருந்தார். அதைப் போட்டுக்கொண்டு அவர் வண்டியில் உட்கார்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். எல்லார் முன்னாலும் கத்தித் தீர்த்துவிட்டார். என்னை ப்ராஸ்பெக்ட், அதாவது முழு உறுப்பினர் ஆவதற்கு முந்தைய கட்டத்து ஆள் ஆக்குவதையும் இரண்டு மாதம் தள்ளி வைத்துவிட்டார்கள். எங்கேயும் எழுதி வைக்காத விதிக்கு இத்தனை தண்டனையா? வெறும் துணிதானே?

பதில்: அடுத்தவர் தட்டில் கை வைக்கக் கூடாது என்று எந்தச் சாப்பாட்டு மேசையிலாவது எழுதி ஒட்டியிருக்கிறதா தம்பி? நீங்கள் செய்தது தப்பு.

அந்த வெஸ்ட்டின் முதுகை நன்றாகப் பார்த்திருக்கிறீர்களா? மேலே வளைவாகக் கிளப்பின் பெயர், நடுவில் சின்னம், கீழே இன்னொரு வளைவில் ஊர் அல்லது பகுதியின் பெயர். அந்த வளைவுத் துண்டுகளை ராக்கர் என்பார்கள். மூன்றும் ஒரே நாளில் யாருக்கும் கிடைப்பதில்லை. முதலில் உங்களைப் போல் சும்மா வந்து பழக வேண்டும். அப்புறம் ப்ராஸ்பெக்ட். பல கிளப்புகளில் அந்தக் கட்டத்தில் கீழ் ராக்கர் மட்டும்தான் தருவார்கள். மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில் கூடவே ஓடி, உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு ஏற்றுக்கொண்ட பிறகுதான் மீதித் துண்டுகள். ஒரே ஒருவர் வேண்டாம் என்றாலும் நின்றுபோகிற கிளப்புகள் உண்டு. இவ்வளவுக்கும் பிறகு, இந்தத் துண்டுகள் சேர்ந்த அந்தப் பேட்ச் அவருக்கே சொந்தமில்லை. கிளப்பை விட்டு விலகினால் பிரித்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இரவல் கொடுக்க அவருக்கே உரிமை இல்லாத பொருளைத்தான் நீங்கள் கேட்காமல் எடுத்து மாட்டிக்கொண்டீர்கள்.

துணிதானே என்கிறீர்கள். 2015 மே 17 அன்று அமெரிக்காவின் வேகோ நகரில் இரண்டு கிளப்புகளுக்குள் வெடித்த மோதலில் ஒன்பது பேர் செத்தார்கள். கீழ் ராக்கரில் டெக்சஸ் என்று போட்டுக்கொள்ள யாருக்கு உரிமை என்ற பகையும் அதற்குப் பின்னால் இருந்தது. ஒரு துண்டுத் துணிக்காக உயிர் போவது கொடுமை, அதை மரியாதை என்று எவன் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆனால் அந்தத் துண்டை மாட்டிக்கொண்டு தெருவில் நிற்பவரை யார் எந்தக் கண்ணால் பார்ப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. உங்கள் போட்டோவைப் பார்க்கும் வேறொரு கிளப்காரருக்கு நீங்கள் விளையாட்டுக்குச் செய்தது எப்படித் தெரியும்?

வண்டிக்கு வருவோம். இது எனக்கு இன்னும் கோபம் தருகிறது. சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் ஏறுகிறவர் கை தன்னையறியாமல் அதை நிமிர்த்தப் பார்க்கும். கொஞ்சம் முன்னால் உருண்டால் போதும், ஸ்டாண்டு பின்பக்கமாக மடங்கிக்கொள்ளும். க்ரூசர் என்கிற கனமான பெரிய வண்டி என்றால் 300 கிலோ கூட இருக்கும். உங்கள் காலும் போகும், வரிசையில் பக்கத்தில் நிற்கும் வண்டிகளும் சாயும். சாயவில்லை, சரி. கண்ணாடியில் கை பட்டு லேசாகத் திரும்பியிருந்தால்? அது அவருக்கு நெடுஞ்சாலையில் லேன் மாறும்போதுதான் தெரியவரும்.

கிளப்புகளில் வாய்மொழியாக வருகிற விதிகளில் பல இப்படி உயிரோடு ஒட்டியவை. ஒருவர் இடப்பக்கம், அடுத்தவர் வலப்பக்கம் என்று மாற்றி மாற்றிப் போவது. நேர் முன்னால் போகிறவரிடமிருந்து இரண்டு விநாடி தூரம் விடுவது. முன்னால் வழிநடத்திப் போகிற ரோடு கேப்டனைத் தாண்டாமல் இருப்பது. கடைசியில் வருகிற ஸ்வீப், வழியில் நின்றுபோனவரை விட்டுவிட்டு வராமல் இருப்பது. அடுத்தவர் கண்ணாடியைத் தொடாதே என்பதும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

இனி உங்கள் கிளப்புக்கும் ஒரு வார்த்தை. புதிதாக வருகிறவனை ஓர் உறுப்பினர் பொறுப்பேற்றுத்தான் அழைத்து வருவார். மூன்று மாதத்தில் வெஸ்ட்டைத் தொடாதே, கேட்காமல் வண்டியில் ஏறாதே என்ற இரண்டு வார்த்தையை அவர் சொல்லித் தந்திருக்க வேண்டாமா? திட்டு வாங்க வேண்டியவர்களில் அவரும் ஒருவர். கத்தியவரும் உங்களைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். மூத்தவர் என்பதற்காக எல்லாரையும் கூட்டி வைத்து அவமானப்படுத்தும் உரிமை வந்துவிடாது.

இரண்டு மாதம் கழித்து நீங்கள் ப்ராஸ்பெக்ட் ஆகலாம். வண்டி கழுவச் சொன்னால் கழுவுங்கள், காவலுக்கு நிற்கச் சொன்னால் நில்லுங்கள். குடித்துவிட்டு ஓட்டச் சொன்னாலோ, யாரையாவது அடித்துவிட்டு வரச் சொன்னாலோ, சம்பளத்தைக் கேட்டாலோ, அன்றைக்கே வெளியே வந்துவிடுங்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது இது. போனில் வேண்டாம், நேரில் போய் அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். எழுதி வைக்கவில்லையே என்ற பேச்சை அங்கே எடுக்காதீர்கள். போட்டோவை அவர் கண் முன்னாலேயே அழியுங்கள். யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ அவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு மாதமும் அனுமதி கேட்டுக்கொண்டு வரிசையின் கடைசியில், ஸ்வீப்புக்கு முன்னால் ஓட்டுங்கள். ஒவ்வொரு வண்டியும் எங்கே தடுமாறுகிறது என்று அங்கிருந்துதான் தெரியும்.