சர்க்கரை நோயும் பல் இம்ப்ளான்ட்டும்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

என் கணவருக்கு வயது 58. பல வருடமாகச் சர்க்கரை. கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டை எடுத்தாகிவிட்டது. எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு) 8.9. உடனே இம்ப்ளான்ட் (பல்லுக்கு வேராகத் தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியம் திருகு) வைக்கலாம் என்கிறார் ஒரு டாக்டர், சர்க்கரைக்காரருக்குக் கூடவே கூடாது என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகி, தஞ்சாவூர்

இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர்களுக்கு இம்ப்ளான்ட் நன்றாகவே பிடிக்கிறது. 8.9 கட்டுக்குள் இல்லை. மூன்று மாதம் பொறுங்கள்.

வைத்த அன்று டைட்டானியம் திருகு நிற்பது வெறும் இறுக்கத்தால்தான். அடுத்த சில வாரங்களில், திருகைச் சுற்றி நசுங்கிய எலும்பை உடல் அரித்து அகற்றும். அந்த இடத்தில் புது எலும்பு வளர வேண்டும். பழையது போய்ப் புதியது முழுதாக வராத மூன்றாவது, நான்காவது வாரத்தில் பிடிப்பு எல்லோருக்குமே கொஞ்சம் தளரும். சர்க்கரை ஏறியிருந்தால் எலும்பு கட்டும் செல்கள் மந்தமாகும், கொலாஜன் இழைகளில் சர்க்கரை ஒட்டி விறைக்கும், கிருமியை விழுங்கும் வெள்ளணுக்களும் சுணங்கும். அதனால் தளர்ச்சி அதிகமாகி, மீண்டு வரவும் நாளாகிறது.

எச்.பி.ஏ.1.சி. 7-ஐ ஒட்டி வந்தால் தாராளமாக வைக்கலாம். 8 வரை என்றால் கூடுதல் காத்திருப்போடு வைக்கலாம். அதற்கு மேல் போனால் தள்ளிப்போடுவதே எங்கள் வழக்கம். இந்த எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள். இரும்புச்சத்துக் குறைந்த இரத்தசோகை இருந்தால் அது கூட்டிக் காட்டும். அண்மையில் இரத்தம் ஏற்றியவர்களுக்குக் குறைத்துக் காட்டலாம். வெறும் வயிற்றிலும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் எடுத்த அளவுகளையும் கொண்டுபோங்கள்.

இந்த மூன்று மாதத்தில் மற்ற பற்களைச் சுற்றியுள்ள ஈறு நோயைச் சுத்தம் செய்துவிடுங்கள். அதைச் சரிசெய்தாலே சர்க்கரையும் சிறிது இறங்கும்.

சிகிச்சை அன்று மாத்திரை போடலாமா, வெறும் வயிற்றில் போகணுமா?
- வாசகர், விருதுநகர்

மரத்துப்போகும் ஊசி மட்டும்தான் என்றால் பட்டினி கூடாது. காலை டிபன், வழக்கமான மாத்திரை அல்லது இன்சுலின், பிறகு காலை நேரத்து அப்பாயின்ட்மென்ட். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வந்தால் நாற்காலியிலேயே சர்க்கரை தாழ்ந்து வியர்த்துக்கொட்டும். மயக்கம் கொடுத்துச் செய்வதாக இருந்தால் கதை வேறு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளைப் பொதுவாக மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அதைச் சர்க்கரை டாக்டரைக் கேட்காமல் நீங்களாகச் செய்ய வேண்டாம்.

எலும்புத் தேய்வுக்கு அலெண்ட்ரோனேட் மாத்திரையோ, சோலெட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் ஊசியோ எடுத்திருந்தால், பழைய கதை என்று விட்டுவிடாமல் கட்டாயம் சொல்லுங்கள். அவற்றால் தாடை எலும்பு ஆறாமல் அழியும் அபாயம் உண்டு.

எலும்பு சீக்கிரம் சேர, நம் இரத்தத்தையே எடுத்துச் சுற்றி வைக்கும் சிகிச்சை இருக்கிறதாமே? வேறென்ன வழி?
- வாசகர், ஈரோடு

பி.ஆர்.எஃப். என்பார்கள். கையிலிருந்து சிறு குழாய்களில் இரத்தம் எடுத்து, சுழற்றி, நடுவில் உறையும் மஞ்சள் ஜவ்வை எடுத்துக் குழியில் வைப்பார்கள். ஈறு ஆறுவதற்கு உதவும். எலும்பு விரைவாக இறுகும் என்பதற்கு அவ்வளவு உறுதியான சான்று இல்லை. பணம் மிச்சமிருந்தால் செய்யுங்கள். சர்க்கரையை விட்டுவிட்டு இதை நம்ப வேண்டாம்.

உண்மையில் பலன் தருவது வைப்பவரின் கை. துளையிடும்போது எலும்பு 47 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு நிமிடம் இருந்தாலே அதன் செல்கள் சாகும். ஆகவே கூரான டிரில், விட்டு விட்டு அழுத்தம், குளிர்ந்த சலைன் தாராளமாக. இறுக்கம் 35 நியூட்டன் சென்டிமீட்டர் அளவில் போதும். பலமாக இறுக்கினால் எலும்பு நசுங்கி, பின்னால் அரிப்புதான் கூடும். மணல் தெறித்து அமிலத்தில் அரித்த சொரசொரப்பான பரப்புள்ள இம்ப்ளான்ட்டைக் கேளுங்கள்.

அடுத்தது காத்திருப்பு. வழக்கமாகக் கீழ்த்தாடைக்கு இரண்டு மூன்று மாதம், மேல்தாடைக்கு நான்கிலிருந்து ஆறு. சர்க்கரை இருந்தால் இதற்கு மேல் ஒன்றிரண்டு மாதம் சேர்த்துக்கொள்வது நல்லது. 'மூன்றே நாளில் பல்' விளம்பரம் உங்களுக்கானதல்ல. திருகின் மேல் கேப் (செயற்கைப் பல்) மாட்டுமுன் ஐ.எஸ்.க்யூ. அளவு, அதாவது திருகு எலும்பில் எவ்வளவு உறுதியாகப் பிடித்திருக்கிறது என்று காட்டும் எண், எடுக்கச் சொல்லுங்கள்: 70-க்கு மேல் என்றால் மாட்டலாம், 60-க்குக் கீழ் என்றால் இன்னும் பொறுக்கணும். வைட்டமின் டி குறைவாக இருந்தால் சரிசெய்யுங்கள். பீடி, சிகரெட், புகையிலை போடுபவர் ஒரு வாரம் முன்பும் எட்டு வாரம் பின்பும் தொடக்கூடாது. மறுபடி தொடாமலே இருந்தால் இன்னும் நல்லது.

பல் வைத்த பிறகு கஞ்சியும் ஜூஸும்தான் குடிக்கிறேன். சர்க்கரை 280-க்குப் போய்விட்டதே!
- வாசகி, திருநெல்வேலி

போகத்தான் செய்யும். மெல்ல முடியாது என்று அரிசிக் கஞ்சி, பாலில் ஊறிய ரொட்டி, பழச்சாறு, வீட்டார் அன்போடு வாங்கிவரும் ஐஸ்கிரீம் என்று போகும்போதுதான், ஆற வேண்டிய வாரத்தில் சர்க்கரை எகிறுகிறது. அவித்த முட்டை, கெட்டித் தயிர், மசித்த பருப்பு, குழைய வேகவைத்த சுரைக்காய்க் கூட்டு, முள்ளெடுத்த மீன், பனீர் என்று மாற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம். முதல் வாரம் வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் தினமும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 280 தொடர்ந்தால் சர்க்கரை டாக்டரிடம் போய் மருந்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு காலை, இரவு இரண்டு வாரம் போதும். பற்பசையோடு சேர்ந்தால் அதன் வேலை குறையலாம். நடுவே அரை மணி இடைவெளி விடுங்கள்.

இம்ப்ளான்ட் பல் ஆடுகிறது. போச்சா?
- வாசகர், சேலம்

கேப்பையோ, அதைத் திருகோடு சேர்க்கும் இணைப்பையோ பிடிக்கும் உள்திருகு தளர்ந்திருந்தால் இறுக்கினாலே சரியாகும். கேப்பைக் கழற்றிப் பார்த்து, எலும்பிலுள்ள திருகே ஆடினால் அதை எடுக்கத்தான் வேண்டும். எக்ஸ்ரே எடுக்காமல் இரண்டில் எது என்று முடிவுகட்டாதீர்கள். எதுவானாலும் அதுவரை அந்தப் பக்கம் மெல்ல வேண்டாம்.