அப்பாவின் டிராக்டரும் அடகில் இருக்கும் ஆறு பவுனும்

கேள்வி: செய்யாறு பக்கம் கிராமம். தனியார் ஆலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். கைக்கு 31,000 ரூபாய் வருகிறது. மூன்றரை ஏக்கர் நிலம். ஒரு ஏக்கரில் நெல், மீதியில் மணிலாக்கொட்டை (நிலக்கடலை). அப்பா 1986-ல் வாங்கிய மாசி பெர்குசன் 1035 டிராக்டர் ஏழு வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. அவர் காலமாகி ஐந்து வருடம் ஆகிறது, ஆர்.சி. புத்தகம் இன்னும் அவர் பெயரில்தான். வண்டியை மறுபடி ஓடவைக்க வேண்டும் என்று பெயின்ட், சீட், பேனட், விளக்கு, பேட்டரி என 64,000 செலவு செய்துவிட்டேன். இன்ஜின் இன்னும் கிளம்பவில்லை. ஃபுல் இன்ஜின் வேலைக்கு மெக்கானிக் 1,10,000 கேட்கிறார். மனைவியின் ஆறு பவுன் ஏற்கெனவே ஃபைனான்ஸில் இருக்கிறது. தங்கம் விலை ஏறிவிட்டதால் அதே நகைக்கு மேலே பணம் தருவதாகச் சொல்கிறார்கள். எடுக்கலாமா? இல்லை, மாதம் 3,000 எஸ்.ஐ.பி. (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் கட்டுவது) போட்டு அதில் சேர்த்துச் செய்யலாமா? வண்டி ஓடினால் தங்கை வீட்டுக்காரரும் தன் நிலத்துக்கு ஓட்டித் தரவேண்டும் என்கிறார்.

பதில்: எடுக்காதீர்கள். டிராக்டரைச் சரிசெய்வது தவறில்லை. நகையைத் திருப்பித் திருப்பி வைக்கும் பழக்கம்தான் உங்களை மூழ்கடித்துக்கொண்டிருக்கிறது. கடிதத்தோடு அனுப்பிய மூன்று அடகுச் சீட்டையும் வரிசையாக வைத்துப் பாருங்கள்.

மூன்று வருடம் முன்பு மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக 1,40,000 வாங்கினீர்கள். மாதம் ஒன்றேகால் வட்டி, அதாவது வருடத்துக்கு 15 சதவீதம். முதல் வருட வட்டி 21,000 ரூபாயைக் கட்டவில்லை. அதையும் சேர்த்து 1,85,000-க்குத் திருப்பி வைத்ததில் கைக்கு வந்தது 24,000. அடுத்த வருட வட்டி 27,750. மறுபடி 2,60,000-க்கு வைத்தபோது கைக்கு வந்தது 47,250. இரண்டு முறையும் சேர்த்து 71,250 வாங்கியிருக்கிறீர்கள். அதற்குள் 48,750 ரூபாய் வட்டி அசலோடு கலந்துவிட்டது. கையில் வந்ததில் பெரும்பகுதி பெயின்டாகவும் பேனட்டாகவும் கொட்டகையில் நிற்கிறது.

இந்த வருட வட்டி 39,000. கேட்கும் 1,10,000-ஐயும் சேர்த்தால் கடன் 4,09,000 ஆகும். அடுத்த வருடம் அதற்கு வட்டி மட்டும் 61,350. உங்கள் இரண்டு மாதச் சம்பளம் அப்படியே போகிறது. தங்கம் விலை ஏறியதால் ஃபைனான்ஸில் கூடுதலாகக் கொடுக்கும் பணம் உங்கள் வருமானம் இல்லை. நகையில் உங்களுக்கு மிஞ்சியிருந்த பாத்தியதையை நீங்களே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறீர்கள். விலை கொஞ்சம் இறங்கினாலும் மேற்கொண்டு நகை வை, இல்லையேல் பணம் கட்டு என்று நோட்டீஸ் வரலாம். கட்டாவிட்டால் ஏலம்.

அந்த நகை உங்கள் மனைவியுடையது. நான்கு பக்கக் கடிதத்தில் அவர் என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. இன்று இரவே சீட்டுகளை அவர் முன் வைத்துக் கணக்கைச் சொல்லுங்கள். கீழே நான் சொல்லும் எதற்கும் அவர் சம்மதம் முதலில் வேண்டும்.

எஸ்.ஐ.பி. பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. நிச்சயமாக 15 சதவீதம் வட்டி கட்டும் கடனைத் தோளில் வைத்துக்கொண்டு, நிச்சயமில்லாத 12 சதவீதத்தை நம்பிப் பணம் போடுவது எந்தக் கணக்கிலும் சேராது. செயலியில் வரும் டிஜிட்டல் தங்கம், பொத்தானை அழுத்தினால் அதே நகைக்கு மேல்கடன் தரும் டாப்-அப் போன்றவையும் இப்போதைக்கு உங்களுக்கு ஆகாது. கடன் முடியட்டும், பிறகு எஸ்.ஐ.பி.யைப் பேசுவோம்.

டிராக்டர் உங்களுக்கு எவ்வளவு மிச்சப்படுத்தும் என்று உத்தேசமாகப் பார்ப்போம். ஒரு போகத்துக்கு ஏக்கருக்கு இரண்டு சால் கல்டிவேட்டர், ஒரு முறை ரோட்டவேட்டர். மூன்றரை மணி நேரம் பிடிக்கும். மூன்றரை ஏக்கர், இரண்டு போகம் என்றால் 25 மணி. எரு அடிக்க, மூட்டை ஏற்ற 10 மணி. மொத்தம் 35. தனியார் வாடகை மணிக்கு 1,100 என்று வைத்தால் 38,500 ரூபாய். சொந்த வண்டியில் மணிக்கு நாலு லிட்டர் வீதம் டீசல் 13,000; எண்ணெய், ஃபில்டர், இன்சூரன்ஸ், சில்லறை ரிப்பேர் 9,000. மிச்சம் 16,500. மேலே வாங்க நினைக்கும் 1,10,000-க்கு வருட வட்டியும் அதே 16,500தான். உழைத்து மிச்சம் பிடித்ததெல்லாம் ஃபைனான்ஸ் கடைக்குப் போகும், அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை வண்டி, உழவன் செயலியில் பதிந்தால் மணிக்கு 500 ரூபாய். அந்த 35 மணிக்கும் 17,500-தான். ஆனால் மழை பெய்த மறுநாள் ஊரே ஒரே வண்டிக்குக் காத்திருக்கும். மணிலா விதைக்க ஈரம் காய்வதற்குள் உழவு முடியவேண்டும். சொந்த வண்டியின் நிஜமான மதிப்பு அந்த நாலைந்து நாளில்தான் இருக்கிறது. அதனால்தான் டிராக்டரை விற்றுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கடன் வாங்காமல், சரியான வரிசையில் செய்யச் சொல்கிறேன்.

நீங்கள் செய்தது தலைகீழ் வரிசை. இன்ஜினில் கைவைக்கும்போது பேனட்டைக் கழற்ற வேண்டும். புதுப் பெயின்டின் மேல் டீசலும் எண்ணெயும் வழியும். அந்தப் பெயின்டை மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். அதைவிட முக்கியமாக, மெக்கானிக் எதையும் பிரித்துப் பார்க்காமலே 1,10,000 சொல்லியிருக்கிறார். ஏழு வருடம் நின்ற வண்டி கிளம்பாததற்கு போர் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்ததுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. பெரும்பாலும் எரிபொருள் பாதையில்தான் சிக்கல் இருக்கும். முதலில் இதைச் செய்யச் சொல்லுங்கள், பக்கத்தில் நில்லுங்கள்.

செல்ஃப் அடிக்கும் முன் மூன்று நாசிலையும் (டீசலைப் பீய்ச்சும் முனை) கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் இன்ஜின் ஆயிலும் டீசலும் கலந்து இரண்டு மூன்று மூடி அளவு ஊற்றி இரண்டு நாள் விடவேண்டும். பிறகு நாசில் இல்லாமலே கையால் இன்ஜினைச் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றாவிட்டால் மேலும் இரண்டு நாள் ஊறட்டும். இன்னொரு வண்டியில் கட்டி இழுத்துக் கிளப்ப யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் கன்ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) வளைந்துவிடும். அப்புறம் நிஜமாகவே ஃபுல் இன்ஜின் வேலைதான்.

இன்ஜின் அடியில் எண்ணெய் இறக்கும் சம்ப் போல்ட்டைத் தளர்த்தி முதலில் ஒரு டம்ளர் எண்ணெயை மட்டும் பிடியுங்கள். அடியில் தண்ணீர் வந்தாலோ, எண்ணெய் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தாலோ ஹெட் கேஸ்கெட், லைனர் பக்கம் கோளாறு. கறுப்பாக இருந்தால் பயமில்லை; மாற்றிவிடலாம். பழைய டீசலை முழுக்க இறக்கி, டேங்கைக் கழற்றிக் கழுவி, டீசல் ஃபில்டர்களைப் புதிதாகப் போட்டு, மூன்று நாசிலையும் டீசல் லேபில் கொடுத்து டெஸ்ட் பண்ணுங்கள். பல வருடம் நின்ற பம்ப்புக்குள் பிசின் மாதிரி கட்டி பிடித்திருக்கும்; அதையும் லேபிலேயே பார்த்துவிடலாம். மாட்டியபின் ஏர் எடுக்கும்போது, அதாவது டீசல் பாதையில் நிற்கும் காற்றை வெளியேற்றும்போது, ஃபில்டர் முதலில், அடுத்து பம்ப், கடைசியில் நாசில் பைப் நட். இந்த வரிசை தவறினால் நாள் முழுக்கச் செல்ஃப் அடித்தாலும் பிடிக்காது, புது பேட்டரிதான் வீணாகும்.

கிளம்பியதும் புகையைப் பார்த்து மிரள வேண்டாம். ஒட்டியிருந்த பிஸ்டன் ரிங்குகள் சில மணி நேரம் லேசான வேலையில் விடுபடலாம். அதன் பிறகும் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை தள்ளினால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாக இருந்தால் அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும்: அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வோ கேஸ்கெட்டோ. வால்வு வேலைக்கும் போர் வேலைக்கும் செலவில் பல மடங்கு வித்தியாசம். போர் வேலைதான் என்று ஆனாலும் கிராங்கை மைக்ரோமீட்டரில் அளந்த கணக்கை எழுதி வாங்குங்கள், கழற்றிய லைனர், பிஸ்டன், பேரிங் எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

உத்தேசச் செலவு: எண்ணெய், ஃபில்டர்கள் 4,500, நாசில், பம்ப் 12,000, ரேடியேட்டர் சுத்தம், ஹோஸ் 3,000, பின் ஆக்சில் சீலும் பிரேக் லைனிங்கும் 7,000. சீல் ஒழுகினால் லைனிங் எண்ணெயில் ஊறிவிடும், ஆகவே இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும். கிளட்ச் நின்றே ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னொரு 12,000. மொத்தம் 40,000-க்குள். உங்கள் பக்கத்துப் பட்டறையில் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். இந்த வண்டியில் கியர் பெட்டிக்கும் கலப்பையைத் தூக்கும் லிஃப்ட்டுக்கும் ஒரே எண்ணெய்தான், முப்பது லிட்டர் பிடிக்கும். அதில் தண்ணீர் கலக்காமல் இருந்தால் இப்போது மாற்ற வேண்டாம். பின்பக்க 12.4-28 டயரில் வெறும் மேல்வெடிப்புதான் என்றால் ஒரு போகம் ஓட்டலாம். உள்ளே நூல் தெரிந்தால் ஓட்டக்கூடாது. டிராக்டர் டயருக்கும் பல உதிரிபாகங்களுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாகிவிட்டது. பில் போடச் சொல்லி, பழைய விலையைச் சொல்கிறார்களா என்று பாருங்கள்.

அந்த 40,000 மணிலா விற்ற பணத்திலிருந்து வரட்டும். இந்த அறுவடையில் பாதி வேலை, அடுத்ததில் மீதி.

நகைக் கடனுக்கு வருகிறேன். வட்டியோடு 2,99,000 நிற்கிறது. மனைவி சம்மதித்தால் இரண்டு பவுனை விற்றுவிடுங்கள். கிராம் 11,500 என்று வைத்து, சேதாரம் போகக் கைக்கு 1,75,000 வரும். மீதிக் கடன் 1,24,000. அதற்கு மாதம் 6,000 கட்டினால் இதே 15 சதவீதத்திலும் 24 மாதத்தில் நான்கு பவுனும் வீடு வந்துவிடும். மகளின் படிப்பு முடிந்ததால் 6,000 கட்ட முடியும் என்று உங்கள் செலவுக் கணக்கே சொல்கிறது. வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ குறைந்த வட்டிக்கு மாற்ற முடிந்தால் ஒன்றிரண்டு மாதம் முன்னதாகவே முடியும். எங்கே வைத்தாலும் நாலு பவுனையும் ஒரே சீட்டில் வைக்காதீர்கள். இரண்டிரண்டு பவுனாக இரண்டு சீட்டு போடச் சொல்லுங்கள். ஒன்றைச் சீக்கிரம் மீட்டுவிடலாம், ஒரே பாக்கெட் என்றால் முழுப் பணம் கட்டும்வரை ஒரு மோதிரம்கூட வெளியே வராது.

கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்குங்கள். தவணைக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டி இல்லை. அது விதைக்கும் உரத்துக்கும் மட்டும். டிராக்டர் பக்கம் திருப்பினால் தவணை தவறி அந்தச் சலுகையும் போய்விடும்.

தங்கை வீட்டுக்காரர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அப்பா உயில் எழுதாவிட்டால் டிராக்டரில் உங்கள் தங்கைக்கும் அம்மாவுக்கும் பங்குண்டு. ஆனால் காலம் முழுக்க இலவச உழவு என்பது கணக்கே இல்லாத கடன். இன்று இருக்கும் நிலையில் வண்டி என்ன விலை போகும் என்று இரண்டு பேரிடம் கேட்டு, தங்கையின் பங்கைப் பணமாகவோ இத்தனை மணி உழவு என்றோ எழுதி முடித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு டீசல் அவருடையது, மணிக்கு இவ்வளவு என்று பேசி ஓட்டுங்கள்.

அந்த எழுத்தோடு வாரிசுச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு, அடுத்த ரூபாயைச் செலவழிக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகம் போங்கள். இறந்தவர் பெயரிலிருந்து வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31. பதினைந்து வருடம் கடந்த டிராக்டருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். கொட்டகையில் நின்ற ஏழு வருடத்தில் உங்களுடையது காலாவதியாகியிருக்கும். அப்பா பெயரில் இருக்கும்வரை இன்சூரன்ஸ் கட்டினாலும் விபத்து என்று வந்தால் பணம் வாங்குவது பெரும் போராட்டம். விவசாயத்துக்கென்று பதிந்த வண்டியில் வாடகைக்குச் செங்கல், மணல் அடித்தாலும் அதே கதிதான்.